லூப்லியானா: ஒரு பகல் போதுமா? (கடிதமும் பதிலும்)

வணக்கம்,

செப்டம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு வியன்னாவிலிருந்து வெனிஸ் போகிறேன். வழியில் ஸ்லோவேனியாவின் தலைநகர் லூப்லியானாவில் ஒரு பகல் கிடைக்கும். "அங்கே என்ன இருக்கு, ரெண்டு மணி நேரத்தில் ஊரே முடிஞ்சிடும்" என்கிறார் அலுவலக நண்பர். நீங்கள் அங்கே போனதாக எழுதியிருந்தீர்கள். இறங்கலாமா? அம்மாவுக்கு மூட்டு வலி வேறு.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

தாராளமாக இறங்குங்கள். நண்பர் சொல்வது பொய்யில்லை, சின்ன ஊர்தான். ஆனால் அவர் கணக்குப்படி நடந்தால் கோட்டை, டிராகன் பாலம், ஒரு ஐஸ்கிரீம், நாலு படம் என்று முடிந்துவிடும். முதல் தடவை நான் அதைத்தான் செய்தேன், அதுவும் உச்சிவெயிலில் மலையேறி, மீதிப் பொழுதைக் கால்வலியோடு பெஞ்சில் கழித்தேன்.

அங்கே பார்க்க வேண்டியது ஒரு மனிதரின் கைவேலையை. யோஷே பிளெச்னிக் என்ற கட்டடக் கலைஞர், வியன்னா, பிராக் எல்லாம் போய்விட்டு 1921இல் சொந்த ஊருக்கே திரும்பி வந்தவர். ஊர் நடுவில் 1842இல் கட்டிய கல்பாலம் ஒன்று இருந்தது, போக்குவரத்துக்குப் போதவில்லை. நம் ஊராக இருந்தால் இடித்திருப்போம். அவர் அதை அப்படியே விட்டு, இரண்டு பக்கமும் நடப்பவர்களுக்கென்று ஒவ்வொரு சிறு பாலம் சேர்த்தார், 1932இல் வேலை முடிந்தது. மூன்றும் இணையாகவும் இல்லை, விசிறி மாதிரி லேசாக விரிகின்றன. பக்கப் பாலங்களிலிருந்து ஆற்றங்கரைக்குப் படிகள் இறங்கும். கீழே போய் நின்று அண்ணாந்து பாருங்கள்.

அப்புறம் அவருடைய தேசிய நூலகம். செங்கல் சுவரில் கரடுமுரடான கல் துருத்திக்கொண்டிருக்கும். கதவின் கைப்பிடியே ஒரு குதிரைத் தலை, தொட்டுப் பார்க்காமல் வராதீர்கள். உள்ளே இருட்டான படிக்கட்டு, இருபுறமும் கறுப்புத் தூண்கள், மொத்தம் 32. ஏற ஏற வெளிச்சம் கூடும். அறியாமையிலிருந்து அறிவுக்கு என்று விளக்கம் சொல்வார்கள், எனக்கு அந்தக் குளிர்ந்த இருட்டே போதுமாக இருந்தது.

தெம்பு இருந்தால் தெற்கே டிர்னோவோ வரை நடங்கள். அங்கேயும் அவர் கட்டிய சிறு பாலம் ஒன்று, அதன் மேலேயே பிர்ச் மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. பாலத்தில் மரம் நட யாருக்குத் தோன்றும்?

அம்மாவைப் பற்றிக் கவலை வேண்டாம். கோட்டைக்கு மேலேற்றி விடும் சாய்தள ரயில் உண்டு. கார் நுழையாத பழைய நகருக்குள் இலவச மின்வண்டி ஓடுகிறது, கை காட்டினால் நிற்பார்கள். கருங்கல் பாவிய தெருக்கள்தான் காலைப் பதம்பார்க்கும், நல்ல செருப்பாகப் போடச் சொல்லுங்கள். இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை திறந்தவெளிச் சந்தை கிடையாது. டிக்கெட் எடுக்குமுன் கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.