லேட்டஸ்ட் என்றொரு பதிப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஐபோனில் 18 வரை வந்த ஐஓஎஸ் திடீரென்று 26 ஆகிவிட்டது. நடுவில் இருந்த ஏழு எண்கள் எங்கே போயின? புதிய கண்ணாடித் தோற்றத்தில் அறிவிப்புகளைப் படிக்கவே முடியவில்லை என்கிறார் அம்மா. வீட்டுக் கணினியில் லேட்டஸ்ட் விண்டோஸ்தான் இருக்கிறது, ஆனால் ஸ்டார்ட் பொத்தான் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. அழகான பெயர்களை விட்டுவிட்டு ஏன் வெறும் எண்களுக்குப் போகிறார்கள்? பெயர் என்றால் மனதில் நிற்குமே.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் அம்மா. அவர் கண்ணில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். பின்னணி ஊடுருவித் தெரியும்போது தமிழில் முதலில் காணாமல்போவது புள்ளிதான். பூப்போட்ட படத்தின் மேல் 'பட்டு' 'படடு' ஆகிவிடும். செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டி, அதற்குள் டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ். அங்கே ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்சி, இன்க்ரீஸ் கான்ட்ராஸ்ட், போல்ட் டெக்ஸ்ட் மூன்றையும் போட்டுவிடுங்கள். போன் 26.1 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் டிஸ்ப்ளே அண்ட் பிரைட்னஸில் லிக்விட் கிளாஸ் என்று இருக்கும். அதில் டின்டட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பூட்டுத்திரைக்கு ஒரே நிறத்தில் படம் வையுங்கள். முற்றிலும் பழையபடி ஆகாது, படிக்க முடியும்.

ஸ்டார்ட் பொத்தான் ஒரு நிமிட வேலை: செட்டிங்ஸ், பர்சனலைசேஷன், டாஸ்க்பார், டாஸ்க்பார் பிஹேவியர்ஸ், அலைன்மென்ட் லெஃப்ட்.

இனித் திட்டு. 'லேட்டஸ்ட் விண்டோஸ்' என்று ஒரு விண்டோஸ் கிடையாது. விண்டோஸ் 11 வந்தது அக்டோபர் 2021-இல். 21ஹெச்2, 22ஹெச்2, 23ஹெச்2, 24ஹெச்2, 25ஹெச்2 எல்லாமே கடையில் விண்டோஸ் 11தான் (முன்னால் ஆண்டு, ஹெச்2 என்றால் அதன் இரண்டாம் பாதி). வீட்டுப் பதிப்பில் இவை ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் 24 மாதம் மட்டுமே வரும். ஆகவே 'என்னிடம் 11 இருக்கிறது' என்பதும் 'என்னிடம் மருந்து இருக்கிறது' என்பதும் ஒன்று. காலாவதித் தேதியைப் பார்த்தீர்களா?

பெயர் மனதில் நிற்கும் என்கிறீர்கள். நிற்கும், வரிசை நிற்காது. ஆப்பிளின் மேக் கணினியில் சிறுத்தை, பனிச்சிறுத்தை, சிங்கம், மலைச்சிங்கம் என்று ஓடி, 2013 முதல் கலிஃபோர்னியா ஊரும் மலையும் வந்தன. மொஹாவி, சோனோமா, கேட்டலினா, வென்சுரா: இவற்றில் எது பழையது? தேடாமல் சொல்லுங்கள் பார்க்கலாம். ஆண்ட்ராய்டின் இனிப்புப் பெயர்களில் அகரவரிசையாவது இருந்தது, அதுவும் ஆங்கிலத்தில். 2019-இல் கூகுள் அதையும் விட்டு வெறும் 10-க்குப் போனது. சில மொழிகளில் 'எல்'லும் 'ஆரு'ம் காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கின்றன, 'பை' (pie) என்ற பண்டம் எல்லா ஊரிலும் இனிப்பு அல்ல என்று அவர்களே காரணம் சொன்னார்கள். நியாயமான காரணம்.

உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் பாருங்கள். 4.10 என்றால் 2004 அக்டோபர், அவ்வளவுதான். 2006-இல் ஏப்ரலில் வரவேண்டியது ஆறு வாரம் தள்ளி ஜூனில் வந்தது, எண் 6.04 இல்லை, 6.06 ஆனது. தாமதத்தை எண்ணே ஒப்புக்கொண்டுவிட்டது! ஆப்பிளின் 26-உம் இந்த வழிதான். போன் 18, வாட்ச் 11, தலையில் மாட்டும் விஷன் 2 என்று சிதறிக் கிடந்ததை 2025-இல் ஒரே எண்ணுக்குக் கொண்டுவந்தார்கள். ஏழு எண்கள் எங்கும் போகவில்லை, ஆண்டு வந்து உட்கார்ந்துகொண்டது. 2025 செப்டம்பரில் வந்ததற்கு 26 என்பது, அடுத்த ஆண்டின் பெயரில் இந்த ஆண்டே விற்கும் கார் நிறுவனங்கள் செய்யும் வேலை. போகட்டும்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது, அதுதான் முக்கியம். பெட்டியின் மேல் இருக்கும் எண் வேறு, மென்பொருளுக்குச் சொல்லப்படும் எண் வேறு. பழைய விண்டோஸ் எக்ஸ்பி உள்ளுக்குள் 5.1, அதற்குப் பின் வந்த விஸ்டா 6.0. 'எக்ஸ்பியோ அதற்குப் புதியதோ வேண்டும்' என்பதைப் பல நிரலர்கள் 'முதல் எண் 5-க்குக் குறையக் கூடாது, இரண்டாம் எண் 1-க்குக் குறையக் கூடாது' என்று எழுதிவைத்தார்கள். விஸ்டாவின் இரண்டாம் எண் பூஜ்யம். புதிய கணினியைப் பார்த்து 'நீ பழசு' என்று சொல்லி நின்றுவிட்டது மென்பொருள். முதல் எண் 5-ஐத் தாண்டிவிட்டால் இரண்டாவதைப் பார்க்கவே கூடாது, பள்ளிக்கூடத்துக் கணக்கு. இப்படி உடைந்துபோகும் மென்பொருள்களுக்குப் பயந்துதான் விண்டோஸ் 7 உள்ளே 7 ஆகாமல் 6.1 ஆனது. 8 என்பது 6.2. 8.1 முதல், 'இந்தப் பதிப்பை எனக்குத் தெரியும்' என்று அறிவிக்காத மென்பொருளிடம் விண்டோஸ் '6.2' என்றே பொய் சொல்கிறது. விண்டோஸ் 11 இன்றும் உள்ளே 10.0தான், பில்டு எண் (உள் வரிசை எண்) 22000-இல் தொடங்குவதை வைத்தே பிரித்தறிய வேண்டும். மேக்கின் பிக் சர் 11-ஆம் பதிப்பு, பழைய மென்பொருள் கேட்டால் 10.16 என்று சொல்லும். இத்தனை பொய்யும் நாலு பேர் ஒப்பிடத் தெரியாமல் எழுதிய ஒரு வரியால்.

விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, வின்வர் (winver) என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். பெட்டியில் 23ஹெச்2 அல்லது அதற்கு முந்தையது தெரிந்தால் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல், முக்கியமான கோப்புகளை வெளியே நகலெடுத்துவிட்டு விண்டோஸ் அப்டேட்டைத் திறங்கள். அம்மாவிடம் புள்ளி தெரிகிறதா என்று கேட்டு எழுதுங்கள்.