நாங்கள் இருவரும் சேர்ந்து அந்த மருந்தை எடுத்துக்கொள்ளலாமா?

அன்புள்ள அம்மா,

என் கணவர் ஒரு தீ விபத்திலிருந்து உயிர் தப்பியவர். உடன் வேலை பார்த்த நண்பரை அவரால் காப்பாற்ற முடியவில்லை. ஆண்டுகள் கடந்தும் இரவில் அலறி எழுகிறார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார், நானும் கேட்பதில்லை. அவர் இல்லாத நேரத்தில்தான் அடுப்பைப் பற்றவைக்கிறேன். உறவினர்கள் அழைத்தால் நானே ஏதாவது சொல்லித் தட்டிக்கழிக்கிறேன். தம்பதியர் இருவரும் எம்.டி.எம்.ஏ. என்ற போதை மருந்தை எடுத்துக்கொண்டு மனம்விட்டுப் பேசும் சிகிச்சை பற்றிப் படித்தோம். தெரிந்த ஒருவர் அதை வாங்கித் தருகிறேன் என்கிறார். வீட்டிலேயே முயன்று பார்க்கலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரி,

வேண்டாம். வெளியில் வாங்கும் மாத்திரையில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. எம்.டி.எம்.ஏ. இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். மனச்சோர்வுக்கான சில மருந்துகளோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அதைவிட எனக்குப் பயம், அந்த நினைவு பொங்கி வரும் நேரத்தில் உங்கள் இருவரில் ஒருவர்கூடத் தெளிவாக இருக்க மாட்டீர்களே என்பதுதான்.

நீங்கள் படித்தது பொய்யில்லை. 2020-இல் வெளியான ஆய்வில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் பங்கேற்றவர்கள் 6 தம்பதியர்தான். மருந்து தந்தது 2 அமர்வுகளில் மட்டும், அதுவும் சிகிச்சையாளர்களின் கண்காணிப்பில். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், பெரும் மன அதிர்ச்சிக்குப் பின் வரும் பாதிப்புக்கு (பி.டி.எஸ்.டி.) எம்.டி.எம்.ஏ. தர, அனுமதி பெற்ற மனநல மருத்துவர்களால் முடியும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 ஆகஸ்டில் ஒப்புதல் தர மறுத்து, மேலும் ஓர் ஆய்வு கேட்டது.

நீங்கள் படித்த அந்த 2020 ஆய்வுக்கு அடித்தளமாக இருந்தது உளவியலாளர் கேண்டிஸ் மான்சன் குழுவினரின் தம்பதியர் சிகிச்சை. மொத்தம் 15 அமர்வுகள். மருந்தே இல்லாமல் அது பலன் தருகிறது என்பதை 40 தம்பதியரோடு நடத்திய ஆய்வு 2012-லேயே காட்டிவிட்டது. உங்களுக்கு வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

அடுப்பைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அந்த வரியை என்னால் கடந்து போக முடியவில்லை. அன்பினால்தான் செய்கிறீர்கள். ஆனால் நெருப்பு அருகில் இருந்தும் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவர் உணரும் வாய்ப்பு ஒவ்வொரு முறையும் கைநழுவிப் போகிறது. விலகி விலகிப் போகும்வரை பயம் குறையாது. அந்தச் சிகிச்சையில், எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள் என்று இருவரும் சேர்ந்து எழுதி, எளிதானதிலிருந்து ஒவ்வொன்றாக அணுகுவீர்கள். ‘நான் காப்பாற்றியிருக்க வேண்டும்’ என்ற குற்றவுணர்வையும் அங்கே எடுத்துப் பேசலாம். இதைப் படித்துவிட்டு நாளையே அவர் முன் அடுப்பைப் பற்றவைத்துவிடாதீர்கள். அவர் சம்மதத்தோடு, வழிகாட்ட ஒருவர் இருக்கும்போது செய்யுங்கள்.

மன அதிர்ச்சிக்குச் சிகிச்சை தரும் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ தேடி இருவரும் போங்கள். உங்கள் கணவர் மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் போகலாம். இதற்கிடையில் அவர் சாவைப் பற்றிப் பேசினால் சந்திப்பு நாள்வரை காத்திருக்காமல், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.