கோடையில் டயர் காற்றைக் குறைக்க வேண்டுமா?

கேள்வி: வள்ளியூரிலிருந்து பாளையங்கோட்டைக்குத் தினமும் 125 சிசி பைக்கில் நான்குவழிச் சாலையில் வேலைக்குப் போகிறேன். வெயிலில் டயர் வெடிக்காமலிருக்க, காற்றைக் குறைத்து வைக்கச் சொல்கிறார் பஞ்சர் கடைக்காரர். விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் போதாதா?

பதில்: குறைக்காதீர்கள். காற்று குறைந்த டயர்தான் ஓட ஓட மடங்கி நிமிர்ந்து சூடேறுகிறது. வெடிப்பது அந்தச் சூட்டில்தான். காற்றழுத்தத்தை பிஎஸ்ஐ என்ற அலகில் அளப்பார்கள். இருபதுக்கும் இருபத்தெட்டுக்கும் வித்தியாசம் விரலுக்குத் தெரியாது. சில நூறு ரூபாயில் ஒரு காற்றழுத்த அளவுமானி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது செயின் கவரிலோ கையேட்டிலோ இருக்கும். பொதுவாக முன்னால் 25, பின்னால் 28 பிஎஸ்ஐ. பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் டயருக்கு இன்னும் நான்கைந்து கூடுதல். டயரில் பொறித்திருக்கும் எண் உச்சவரம்பு, அதை நம்பி நிரப்ப வேண்டாம்.

காலையில், வண்டியை எடுக்கும் முன் அளக்க வேண்டும். நாங்குநேரி வரை ஓட்டிவந்து அளந்தால் பின் டயரில் 28 இருந்தது 31 காட்டும். கூடிவிட்டது என்று காற்றைப் பிடுங்கிவிடாதீர்கள். அது சூட்டின் கணக்கு. பிடுங்கினால் மறுநாள் காலை 25க்கு இறங்கி நிற்கும். மாறாக, சூடான பின் டயரே 28க்குக் கீழ் காட்டினால் அது உண்மையான குறைவு. உடனே நிரப்பிவிட்டு, மறுநாள் காலை மறுபடி பாருங்கள்.

எங்கே நிரப்புவது? பெட்ரோல் பங்கில் காற்று இலவசமாகத் தரவேண்டும் என்பது விதி. நான் போகும் பங்கில் 'இயந்திரம் பழுது' அட்டைக்கே வெயிலில் நிறம் போய்விட்டது. புகார்ப் புத்தகம் கேட்டால், சாவி மேனேஜரிடம் இருக்கிறதாம். இயந்திரம் ஓடுகிற இடத்திலும் முந்தைய காருக்கு வைத்த 33ஐ மாற்றாமலே உங்கள் முன் டயரில் குழாயைச் செருகுவார்கள். எண்ணைப் பாருங்கள். நைட்ரஜன் என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

வாரத்துக்கு வாரம் ஒரே டயர் இறங்கினால் வால்வில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் வால்வு ஊசியை மாற்றினால் போதும். வராவிட்டால்தான் பஞ்சர் கடை. ஒரு ஓட்டையோடு உள்ளே போன ட்யூப்லெஸ் டயர் நான்கு ஓட்டைக்குக் கூலி வாங்கி வெளியே வந்ததை நானே பார்த்திருக்கிறேன். சோப்பு நுரையில் குமிழி கிளம்பும் இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகே, ஓட்டையைக் குத்தி அடைக்கும் கம்பியை எடுக்க விடுங்கள். "டீ குடித்துவிட்டு வாருங்கள் அண்ணாச்சி" என்று சொல்லும் கடையில் இடத்தை விட்டு நகராதீர்கள்.