படகு என்ஜின் ஓடியும் இரண்டாவது பேட்டரி ஏறவில்லை என்றால்

என்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரை மாற்ற வேண்டாம். மும்பையிலிருந்து படகில் மாண்ட்வா போய்த் திரும்பியும் என்ஜின் பேட்டரி நன்றாக இருக்கிறது, விளக்கும் ஃபிரிட்ஜும் ஓடும் இரண்டாவது பேட்டரி மட்டும் இறங்கிக் கிடக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் சார்ஜ் உற்பத்தியாகிறது, இரண்டு பேட்டரிக்கும் நடுவில் தானாக இணைத்துப் பிரிக்கும் ஸ்விட்சான ரிலே அதை அந்தப் பக்கம் விடவில்லை.

என்ஜின் பேட்டரி ஏறக்குறைய 13.3 வோல்ட்டைத் தொட்ட பிறகுதான் அந்த ரிலே இரண்டையும் இணைக்கும், 12.8-க்கு இறங்கினால் பிரித்துவிடும். என் சந்தேகம் அதன் மெல்லிய கறுப்பு எர்த் ஒயர் மேல். மும்பை உப்புக்காற்றில், அதுவும் மழைக்காலம் முழுக்கப் படகு கரையில் சும்மா நின்ற பிறகு, முதலில் பச்சை பூப்பது அதுதான். எனக்கும் இதே கதை; புது பேட்டரிக்குக் காசைக் கொட்டிய பிறகுதான் புத்தி வந்தது.

மல்டிமீட்டர் இருக்கிறதா? படகைக் கூட வருபவரிடம் கொடுத்து 2000 ஆர்பிஎம்மில் பத்து நிமிடம் ஓட்டச் சொல்லி, இரண்டு பேட்டரியையும் அளந்து பாருங்கள். ஒன்றில் 14, மற்றதில் 12.3 என்றால் ரிலே இணைக்கவில்லை. என்ஜினை நிறுத்தி, எர்த் முனையைச் சுரண்டி இறுக்குங்கள். அப்புறம் வழியில் உள்ள ஃபியூஸையும் பாருங்கள். இரண்டிலும் 14 வந்தும் மறுநாள் படுத்துவிட்டால் பேட்டரியே போயிருக்கலாம்.

என்ஜின் ஓடும்போது மட்டும் பேட்டரி ஸ்விட்சை ஆஃப் செய்துவிடாதீர்கள், ஆல்டர்னேட்டர் டயோடு போய்விடும். இரண்டாவது பேட்டரி லித்தியம் என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது. அதற்கு, ஆல்டர்னேட்டர் மின்சாரத்தை அந்த பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் தனி டிசி-டிசி சார்ஜர் வேண்டும்.