பதில்: "100% ஈகோ ஃப்ரெண்ட்லி" கவரை நம்பி வாங்கலாமா?

வணக்கம் சகோ. வேளச்சேரியில் டிபன் கடை வைத்திருப்பதாகவும், பார்சல் கவர் விற்பவர் "முழுக்க மக்கும், ஈகோ ஃப்ரெண்ட்லி" என்று கூடுதல் விலை சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். பணம் கொடுக்கும் முன் கவரைத் திருப்பிப் பாருங்கள். பச்சை இலைப் படம் போட மை மட்டும் போதும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

மக்கும் பிளாஸ்டிக் கவர் என்றால், அதற்கென உள்ள ஐ.எஸ். 17088 என்ற இந்தியத் தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். தயாரிப்பாளர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். அதன் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். "அனுப்புறேன் சார்" என்று இழுத்தடித்தால் சந்தேகப்படலாம்.

அப்புறம், அசல் சரக்கே ஆனாலும், கவர் மக்குகிறதா என்று அந்தத் தரத்துக்காகச் செய்யும் சோதனை 60 டிகிரியை ஒட்டிய சூட்டில் நடப்பது. நம் மொட்டைமாடி உரத்தொட்டியில் அந்தச் சூடு வராது. நான் இப்படி ஒரு கவரை மண்ணில் புதைத்து வைத்தேன். ஆறு மாதம் கழித்துக் கிளறினால் அப்பளம்போல் நொறுங்கித் துணுக்குத் துணுக்காகக் கிடந்தது. நொறுங்குவது வேறு, மக்குவது வேறு.

2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கென வழிகாட்டுதல் வெளியிட்டது. 'பசுமை', 'ஈகோ ஃப்ரெண்ட்லி' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் ஆதாரம் காட்டியாக வேண்டும். ஏற்கெனவே வாங்கி ஏமாந்திருந்தால் பில்லையும் கவரின் போட்டோவையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போடுங்கள்.

சாம்பாருக்கு மட்டும் தூக்குவாளி கொண்டுவருபவர்களுக்கு இரண்டு ரூபாய் குறைத்துப் பாருங்களேன்.