சவாரிப் பெட்டியும் ஜிஎஸ்டி பில்லும்

கேள்வி: வணக்கமுங்க. திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். வயது 61, முழங்கால் தேய்மானம். ஜப்பானில் ஒசாகாவில் இருக்கிற பையரை (சரக்கு வாங்குபவரை) பார்க்கப் போக வேண்டியிருந்ததால், மேலே உட்கார்ந்து ஓட்டிக்கொண்டே போகிற பேட்டரி சூட்கேஸ் ஒன்றை ஆன்லைனில் 46,000 ரூபாய்க்கு வாங்கினேன். ‘விமானப் பயணத்துக்கு ஏற்றது’ என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கோவை பீளமேடு ஏர்போர்ட் கவுண்டரிலேயே நிறுத்திவிட்டார்கள். பேட்டரி கழட்ட வராததால் லக்கேஜிலும் போடக்கூடாது, கையிலும் கொண்டுபோகக் கூடாதாம். சாம்பிள்களை அட்டைப்பெட்டிக்கு மாற்றிக்கொண்டு, சூட்கேஸை டிரைவரிடம் திருப்பி அனுப்பினேன். விற்றவரைக் கேட்டால், ‘ஏழு நாள் ரிட்டர்ன் முடிந்தது, வழக்கென்றால் டெல்லியில் மட்டும்’ என்கிறார். ஏர்லைன்ஸ் மேல் கேஸ் போடலாமுங்களா? பேரன் அதை ரோட்டில் ஓட்டுகிறான், அது தப்பா?

பதில்: ஏர்லைன்ஸை விட்டுவிடுங்க. அந்தக் கவுண்டரில் சொன்னது சரியான நாயம்தான். லித்தியம் பேட்டரி சூடேறித் தீப்பிடித்தால் சரக்கறையில் அணைக்க ஆளில்லை. அதனால் பேட்டரியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வெறும் பெட்டியை லக்கேஜில் போடலாம் என்பதே பன்னாட்டு நடைமுறை. 2.7 வாட்-அவருக்கு மேல் சக்தியுள்ள பேட்டரி கழற்ற முடியாமல் பொருத்தப்பட்டிருந்தால், பெட்டிக்கு இரண்டு வழியும் அடைப்பு. கழற்றக்கூடியதென்றால் 100 வாட்-அவர் வரை கையில் கொண்டுபோகலாம். அதற்கு மேல் 160 வரை ஏர்லைன்ஸ் அனுமதி வேண்டும், அதையும் தாண்டினால் முடியவே முடியாது. வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும்: 36 வோல்ட், 2 ஆம்பியர்-அவர் என்றால் 72. சில ஏர்லைன்ஸ் இந்த வகைப் பெட்டிகளைப் பேட்டரி ஸ்கூட்டரோடு சேர்த்து மொத்தமாகவே மறுப்பதும் உண்டு.

போயிருந்தாலும் நிம்மதியில்லை. ஒசாகாவில் 2024இல் இப்படியொரு பெட்டியை நடைபாதையில் ஓட்டிய வெளிநாட்டு மாணவி மீது, லைசென்ஸ் இல்லாமல் மோட்டார் வாகனம் ஓட்டியதாகப் போலீஸ் நடவடிக்கை எடுத்தது. நீங்கள் போகவிருந்த அதே ஊர்!

ஆக, பிடிக்க வேண்டியது விற்றவரை. விமானத்தில் ஏற்ற முடியாத பெட்டியை ‘விமானத்துக்கு ஏற்றது’ என்று விற்றது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரம், நேர்மையற்ற வணிக முறை. ஏழு நாள் ரிட்டர்ன் என்பது கடைக்காரர் வைத்த விதி. வழக்குப் போடச் சட்டம் தரும் காலம் இரண்டு வருடம். டெல்லிப் பேச்சுக்கும் பயப்பட வேண்டாம். புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம் என்று பிரிவு 34 சொல்கிறது. சட்டம் கொடுத்த உரிமையை பில்லின் பின்பக்கத்துப் பொடி எழுத்து பறிக்க முடியாது என்று வாதிடலாம்.

ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. பில் யார் பெயரில்? நம்மூர்க்காரர்களுக்கு எதை வாங்கினாலும் கம்பெனி பெயரில் ஜிஎஸ்டி பில் போட்டு இன்புட் (வாங்கும்போது கட்டிய வரியைக் கம்பெனி கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்கிற பழக்கம். அப்படிச் செய்திருந்தால், ‘வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோரே அல்ல’ என்று எதிர்த்தரப்பு முதல் வரியிலேயே ஆரம்பிக்கும். அப்போது கைகொடுப்பது 2019 நவம்பரில் வந்த லீலாவதி அறக்கட்டளை வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. நர்ஸுகள் தங்க ஆஸ்பத்திரி வாங்கிய வீடுகளை வணிக நோக்கமாகக் கருத முடியாது, வாங்கியதற்கும் லாபம் ஈட்டுவதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டா என்று பார்க்க வேண்டும் என்றது அது. உங்கள் பெட்டி பனியன் தைக்கவில்லை, முழங்காலுக்காக வாங்கியது. டாக்டர் சீட்டு, எக்ஸ்-ரே எல்லாவற்றையும் எடுத்து வையுங்க, அவைதான் இதற்கு ஆதாரம். இன்புட் எடுத்திருந்தால் ஆடிட்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்க. மனுவில் ‘சொந்த உபயோகம்’ என்றும் கணக்கில் ‘கம்பெனிச் செலவு’ என்றும் இருந்தால் குறுக்கு விசாரணையில் முழிக்க வேண்டிவரும்.

முதல் வேலை, அந்த விளம்பரப் பக்கத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்க. நோட்டீஸ் போனதும் அந்த வரி மாயமாகிவிடும், பார்த்திருக்கிறேன். தேதியும் இணைய முகவரியும் தெரியட்டும். மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ், அதாவது சாட்சியச் சட்டம் 2023 பிரிவு 63இன்படி, தயாராக இருக்கட்டும். பிறகு விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்க. 2020 இ-காமர்ஸ் விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதைச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையமும் இருக்கிறது, சில நேரம் அங்கேயே பணம் திரும்பிவிடும். அசையாவிட்டால் பதிவுத் தபாலில் நோட்டீஸ், அதன்பின் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமே கிடையாது. நீங்களே நேரில் வாதாடலாம், வக்கீல் கட்டாயமில்லை. (என் பிழைப்பில் நானே மண் போடுகிறேன்!) பெட்டியின் விலை, வட்டி, வழக்குச் செலவு, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, அவ்வளவு கேளுங்க. இதனால் ஒசாகா ஆர்டர் கைநழுவிப் போயிருந்தால் அந்த நஷ்டத்தையும் சேர்க்கத் தோன்றும். சேர்த்தால் ‘வணிக நோக்கம்’ என்பதை நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

பேரன் விஷயம். சக்தியும் வேகமும் குறைந்த பேட்டரி வண்டிகளுக்கு மோட்டார் வாகன விதியில் விலக்கு உண்டு, ஆனால் பரிசோதனை நிறுவனத்தின் சான்று இருந்தால்தான். சூட்கேஸுக்கு அப்படி யார் வாங்கியிருக்கப் போகிறார்கள்? ரோட்டில் யார் மேலாவது மோதினால் இன்சூரன்ஸும் கிடையாது, பொறுப்பு பெரியவர்கள் தலையில்தான். அதைவிட முக்கியம், அந்தப் பெட்டி இப்போது வழக்கின் சாட்சிப் பொருள். சக்கரம் தேய்ந்திருந்தால் ‘நன்றாக ஓட்டி அனுபவித்துவிட்டுப் பணம் கேட்கிறார்’ என்பார்கள். வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே வைத்து, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்க.