மழைக்காலத்தில் குமரி மலையோரம்: நடக்க வருகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கும்போதும் ஐப்பசி பிறக்கும்போதும் வெளியூர்க்காரர்களின் கேள்விகள் குவிந்துவிடும். பல கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன்.

கரூரிலிருந்து குழந்தைகளோடு நான்கு நாள் வருகிறோம். மழையும் வேண்டும், நடக்கவும் வேண்டும். ஜூன் மாதமா, அக்டோபரா?

இரண்டும் மழைதான், ஆனால் குணம் வேறு. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை. வானம் மூடியே கிடக்கும். சாரல் வரும், நிற்கும், அரை மணியில் மறுபடி வரும். குடையோடு நடந்துகொண்டே இருக்கலாம், வெயிலும் வாட்டாது. அக்டோபர், நவம்பரில் காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும். மதியம் தாண்டினால் மலைப்பக்கம் கருத்து, இடி மின்னலோடு கொட்டும். அந்த மாதங்களில் நடையெல்லாம் பகல் பன்னிரண்டுக்குள் முடிய வேண்டும். கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகிவிட்டால் இந்தக் கணக்கும் எடுபடாது, இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் ரப்பர் மரங்களை வரிசை வரிசையாகச் சாய்த்ததையும், 2021 நவம்பர் வெள்ளத்தையும் இங்கே யாரும் மறக்கவில்லை.

குழந்தைகளோடு வருகிறீர்கள் என்பதால் ஆகஸ்ட் பிற்பாதியிலிருந்து செப்டம்பர் முடிவு வரை வாருங்கள். மழை தணிந்திருக்கும், பச்சை குறைந்திருக்காது, சானல்களில் (பாசனக் கால்வாய்களில்) தண்ணீர் ஓடும். ஓண விடுமுறை நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அப்போது கேரளத்திலிருந்து வருகிற கூட்டத்தில் திற்பரப்பு அருவியில் கால் வைக்க இடம் இருக்காது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மழை மாவட்டம் முழுக்க ஒரே அளவில் பெய்வதில்லை. கடலிலிருந்து வரும் மேகம் மலையில் முட்டி நிற்கிற இடம் குலசேகரம், பேச்சிப்பாறை, பாலமோர் பக்கம். ஆரல்வாய்மொழி, கன்னியாகுமரி பக்கம் காற்றுதான் அதிகம். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றை நம்பித்தான். மலையோரத்தில் விடாமல் பெய்கிற நாளில் மருந்துவாழ்மலை காய்ந்து கிடப்பது உண்டு. ஆகவே எந்த இடத்தை எந்த நாளில் பார்ப்பது என்று ஊரிலிருந்தே எழுதிக்கொண்டு வராதீர்கள். காலையில் எழுந்து மலைப்பக்கம் பாருங்கள், அன்றைய திட்டத்தை அப்போது முடிவு செய்யுங்கள்.

எல்லோரும் கன்னியாகுமரியில்தான் அறை எடுக்கிறார்கள். நாங்களும் அங்கேயே தங்கலாமா?

சூரியோதயம் பார்க்க ஒரு இரவு தங்குங்கள். நடக்க வருகிறவர்களுக்கு அது தோதான இடம் இல்லை. மலையோரம் போய்வரவே தினமும் பாதி நாள் பேருந்தில் போய்விடும். குலசேகரம், மார்த்தாண்டம், தக்கலை மூன்றில் ஒன்றைப் பிடியுங்கள். அருவியும் அணையும் பார்க்கக் குலசேகரம். சிதறாலுக்கும் மாத்தூருக்கும் மார்த்தாண்டம். அரண்மனை, கோட்டை, வேளிமலைக்குத் தக்கலை. விடுதி வசதி அதிகம் வேண்டுமென்றால் நாகர்கோவில்.

அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது, மூட்டுவலி உண்டு. ஆனாலும் நடக்க ஆசைப்படுகிறார். மழையில் எங்கே அழைத்துப்போகலாம்?

சானல்கரைக்கு அழைத்துப்போங்கள். இந்த ஊரின் மிகச் சிறந்த நடைபாதை அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். சுற்றுலாப் பட்டியல்களில் அது இருப்பதே இல்லை. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீர் சாதாரணமாக ஜூன் முதல் பிப்ரவரி வரை பாசனத்துக்குத் திறந்திருக்கும். பட்டணங்கால், தோவாளை சானல், அனந்தனாறு என்று கிளை பிரிந்து ஓடும். கரை மேடுபள்ளம் இல்லாமல் மட்டமாகப் போகும். ஒரு பக்கம் தென்னையும் வாழையும், மறுபக்கம் தண்ணீர். துணி துவைக்கும் படித்துறையில் அம்மா ஐந்து நிமிடம் உட்காரலாம். யாராவது "எங்கேருந்து வாறிய?" என்று கேட்பார்கள், பேச்சு தொடங்கிவிடும். ஓரத்துப் புல் வழுக்கும் என்பதால் கரையின் நடுவிலேயே நடக்கச் சொல்லுங்கள்.

மாத்தூர் தொட்டிப்பாலமும் அவருக்குச் சரிப்படும். பட்டணங்கால் தண்ணீரைப் பரளியாற்றுக்கு மேலே தூக்கிக்கொண்டு போவதற்காக, காமராஜர் காலத்தில் திட்டமிட்டு 1966இல் கட்டி முடித்தது. 28 தூண்கள், 115 அடி உயரம். தொட்டியை ஒட்டிய பாதையில் போனால் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும், கீழே தென்னந்தோப்பின் தலைகள் தெரியும். பாதை மட்டமானது, மூட்டுக்குத் தொந்தரவு இல்லை. ஆற்றுக்கு இறங்கும் படிகளை மட்டும் அம்மாவுக்குத் தவிர்த்துவிடுங்கள். பாலத்தின் மேல் காற்று பலமாக அடிக்கும், குடை மடங்கிவிடும், மழைக்கோட்டு போதும். இடி கேட்டால் உடனே திரும்பிவிடுங்கள், மேலே ஒதுங்க இடம் கிடையாது.

சிதறால் கொஞ்சம் ஏற்றம். கல் பதித்த பாதை, இருபுறமும் மரநிழல், மெதுவாக ஏறினால் போய்விடலாம். திருச்சாரணத்து மலை என்ற அந்தச் சமணத் தலத்தில் ஒன்பதாம் நூற்றாண்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. பாறைச் சரிவில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், அவர்களுக்குப் பக்கத்தில் பகவதியாக வழிபடப்படும் சன்னதி. மழை விட்ட சாயங்காலத்தில் உச்சிப்பாறையிலிருந்து பார்த்தால் மலைத்தொடர் முழுக்கத் தெளிந்து நிற்கும். ஈரப்பாறையில் பாசி இருக்கும், அங்கே மட்டும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

திற்பரப்பில் நாங்கள் போன அன்று குளிக்க விடவில்லை. மழையே பெய்யவில்லையே, ஏன் அப்படி?

இந்தக் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், உயிர் சம்பந்தப்பட்டது.

திற்பரப்பில் விழுவது கோதையாறு. அதற்கு மேலே இருப்பது பேச்சிப்பாறை அணை. 1897இல் தொடங்கி 1906இல் முடிந்தது, கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறையும் அணைப் பக்கத்திலேயே இருக்கிறது. அணையின் முழு மட்டம் 48 அடி. மழைக்காலத்தில் மட்டம் ஏறி வரும்போது, வெள்ளம் வந்தால் தாங்குவதற்காக முன்கூட்டியே உபரிநீரைத் திறந்துவிடுவார்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். மேலே காட்டில் முந்தின இரவு கொட்டிய மழை அணைக்கு வந்து, அணையிலிருந்து ஆற்றுக்கு வந்து, உங்கள் தலையில் விழுகிற நேரம் நண்பகலாக இருக்கும். ஆகவே குளிக்கத் தடை என்றால் தடைதான். காவலரிடம் கெஞ்சிப் பார்ப்பதும், கயிற்றைத் தாண்டுவதும் வேண்டவே வேண்டாம்.

அருவியில் காவலர்கள் இருக்கிறார்கள். ஆள் இல்லாத ஆற்றுத்துறைகளில், காளிகேசம் போன்ற காட்டோடைகளில் நீங்களேதான் கவனிக்க வேண்டும். தெளிந்து ஓடிய தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறத்துக்கு மாறுகிறதா, காய்ந்த இலையும் சுள்ளியும் கொத்தாக மிதந்து வருகிறதா, இரைச்சல் கூடுகிறதா, சற்று முன் வெளியே தெரிந்த கல் மூழ்கிவிட்டதா என்று பாருங்கள். ஒன்று தென்பட்டாலும் துணியை எடுக்கக்கூட நிற்காமல் கரையேறுங்கள். வந்த கரைக்கே ஏறுங்கள், அக்கரைக்குப் போய்விட்டால் திரும்ப வழி இருக்காது. மலைக்கிராமங்களுக்குப் போகும் தரைப்பாலங்களிலும் இதே கதைதான். தண்ணீர் மேலே ஓடும்போது காரை இறக்காதீர்கள்.

நாகர்கோவில் பதிப்பு நாளிதழ்களில் தினமும் அணை மட்டம் போடுவார்கள். பேச்சிப்பாறை 40 அடியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தால் அன்று ஆற்றில் இறங்கும் திட்டத்தை விட்டுவிடுங்கள் என்பது என் வழக்கமான அறிவுரை. பெருஞ்சாணிக்கு முழு மட்டம் 77 அடி. அது பரளியாற்றின் அணை. இரண்டு ஆறும் திருவட்டாறுக்குக் கீழே மூவாற்றுமுகத்தில் சேர்ந்துவிடும் என்பதால், குழித்துறைப் பக்கம் இறங்குகிறவர்கள் இரண்டையுமே பார்க்க வேண்டும்.

மலைமேல் காட்டுக்குள் இருக்கும் முத்துக்குழிவயல் போன வீடியோ பார்த்தோம். நண்பர்கள் ஆறு பேர், உள்ளூர் ஆளைப் பிடித்து ரகசியமாகப் போக முடியுமா?

முடியாது, கூடவும் கூடாது. கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் 402 சதுர கிலோமீட்டர், மாவட்டத்தில் நான்கில் ஒரு பங்குக்கு நெருக்கம். உள்ளே யானை, காட்டுமாடு, கரடி எல்லாம் இருக்கின்றன. மழையில் யானை நடக்கும் சத்தம் உங்களுக்குக் கேட்காது, மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் தெரியாது. அனுமதியில்லாமல் நுழைந்தால் வழக்கு வரும். உங்களை அழைத்துப்போகிற காணிக்காரர் (மலைப் பழங்குடியினர்) வீட்டுப் பிள்ளையின் பிழைப்பையும் சேர்த்துக் கெடுத்துவிடுவீர்கள். நீங்கள் அபராதம் கட்டிவிட்டு ஊருக்குப் போய்விடலாம், அவன் அந்தக் காட்டிலேயே வாழ வேண்டியவன்.

வனத்துறை சோதனைச்சாவடியில் பதிந்துவிட்டுப் போகக்கூடிய காளிகேசம் இருக்கிறது. கீரிப்பாறை வரை ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலையே நல்ல காட்சி. மழைக்காலத்தில் ஒவ்வொரு ரப்பர் மரத்திலும் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருப்பார்கள், பால் சேரும் சிரட்டையில் மழைநீர் விழாமலிருக்க. உலக்கை அருவிக்கும் முன்னதாக வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போங்கள், மழையில் பெரும்பாலும் விடமாட்டார்கள். எங்கே போனாலும் மாலை நான்குக்குள் காட்டைவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அட்டைக்கு என்ன செய்வது? அதை நினைத்தே என் மனைவி வரமாட்டேன் என்கிறாள்.

அட்டையால் அருவருப்புதான், ஆபத்து அரிது. ஈரச் சருகில் நூல் போல நிமிர்ந்து நின்று, காலடி அதிர்வு பட்டதும் நம் பக்கம் வளையும். கடிக்கும்போது வலிக்காது. ரத்தம் உறையாமலிருக்க ஒரு சுரப்பை விடுவதால், விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் கசியும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முழங்கால் வரை நீண்ட காலுறை போட்டு, பேண்ட் நுனியை அதற்குள் சொருகிவிடச் சொல்லுங்கள். காலுறையின் மேல் புகையிலைத் தூளை நனைத்துத் தேய்த்தால் ஏறாது. மழையில் கழுவிப்போனால் மறுபடி தேய்க்க வேண்டும். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள், தீக்குச்சியும் வேண்டாம். வாய் ஒட்டியிருக்கும் மெல்லிய முனையில் நகத்தைப் பக்கவாட்டில் நுழைத்துத் தள்ளினால் விட்டுவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவிக் கட்டுப் போடுங்கள். சானல்கரையிலும் சிதறாலிலும் பயப்படும் அளவுக்கு இருக்காது, அங்கிருந்து தொடங்குங்கள்.

அட்டையைவிட நான் அஞ்சுவது எலிக்காய்ச்சலுக்கு. காலில் வெட்டுக்காயம் இருந்தால் தேங்கிய தண்ணீரிலும் வயல் சேற்றிலும் இறங்காதீர்கள். ஊர் திரும்பி இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், மழையில் எங்கே நடந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

என்ன செருப்பு, என்ன உடை?

அடிப்பக்கம் பல் உள்ள, பின்வார் வைத்த சாண்டல். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் இரண்டு நாளானாலும் காயாது. மாற்று உடையைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பைக்குள் வையுங்கள்.

நாள் முழுக்கக் கொட்டினால் அறையிலேயே கிடக்க வேண்டியதுதானா?

பத்மநாபபுரம் அரண்மனை மழைக்காகவே கட்டிய மாதிரி இருக்கும். ஓட்டுச் சரிவில் தண்ணீர் இறங்கி முற்றத்தில் கொட்டும்போதுதான் அந்தத் தச்சர்களின் மூளை புரியும். மன்னரின் ஆலோசனை மண்டபமான மந்திரசாலையின் ஜன்னல்களில் வண்ண மைக்கா பதித்திருக்கிறார்கள், மூடின வானத்திலும் உள்ளே இதமான வெளிச்சம் இருக்கும். சிரட்டைக்கரி சேர்த்து மெழுகிய கருந்தரையில் வெறுங்காலோடு நடப்பதே தனி சுகம். தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ளது. திங்கட்கிழமை விடுமுறை, மதிய இடைவேளையும் உண்டு.

மழை விட்டால் பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரிடம் பிடிபட்டு, பிறகு அவருக்கே படைத்தளபதியான டச்சுக்காரர் டிலனாய் அங்கே அடக்கமாகியிருக்கிறார். கல்லறைக் கல்லில் தமிழும் லத்தீனும் இருக்கிறது. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலின் நீண்ட பிராகாரமும் நனையாமல் நடக்க ஏற்றது.

சாப்பாடு பற்றி யாருமே கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அந்த மாதிரி நாளில் மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) அவியலும் மீன்கறியும், பிறகு பால் சேர்க்காத ஒரு கட்டன்சாயா. மட்டிப்பழம் கிடைத்தால் சீப்பாக வாங்குங்கள், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது.

கார் இல்லாமல் சமாளிக்கலாமா?

தாராளமாக. நாகர்கோவில் வடசேரியிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் குலசேகரத்துக்கு அடிக்கடி பேருந்து உண்டு. அங்கிருந்து திற்பரப்பு, பேச்சிப்பாறைப் பேருந்துகளில் ஏறிக்கொள்ளலாம். கீரிப்பாறை, கோதையாறு போன்ற கடைசி ஊர்களுக்குத்தான் வண்டி குறைவு. இறங்கும்போதே நடத்துநரிடம் திரும்பும் வண்டியின் நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மரம் விழுந்தால் வண்டி வராது, ஆகவே கடைசி வண்டியை நம்பாமல் அதற்கு முந்தையதைப் பிடியுங்கள்.

சிவாலய ஓட்டத்தில் வெளியூர்க்காரர்கள் கலந்துகொள்ளலாமா? அந்தப் பாதையை மழைக்காலத்தில் நடக்க முடியுமா?

கலந்துகொள்ளலாம், விரதம் இருந்து வாருங்கள். மாசி மாத மகாசிவராத்திரியை ஒட்டி, முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்கள். கையில் பனையோலை விசிறி, வாயில் "கோபாலா, கோவிந்தா". சிவனைப் பார்க்க ஓடுகிறவர்கள் பெருமாளை அழைத்துக்கொண்டே ஓடுவது இந்த மண்ணின் அழகு. அது வெயில் காலம், தார்ச்சாலை சுடும்.

மழைக்காலத்தில் அந்தப் பாதையில் ஒரு துண்டை எடுத்து நடக்கலாம். நான் பரிந்துரைப்பது திற்பரப்பிலிருந்து திருநந்திக்கரை, அங்கிருந்து பொன்மனை. ஒரு நாளைக்குப் போதுமான நடை, ரப்பர்த் தோட்டமும் சிற்றோடைகளும் கூடவே வரும். திருநந்திக்கரையில் பாறையைக் குடைந்த கோயிலையும், முதலாம் இராஜராஜன் காலத்துக் கல்வெட்டையும் பார்க்காமல் போகாதீர்கள். கோயில் நடை சாத்துவதற்கு முன் போய்ச் சேர, காலை ஏழுக்கே கிளம்புங்கள்.

மழை பெய்தால் விவேகானந்தர் பாறைக்குப் படகு உண்டா?

மழைக்காக நிறுத்துவது குறைவு. கடல் சீற்றத்துக்கும், நீர்மட்டம் தாழ்வதற்கும், பலத்த காற்றுக்கும் நிறுத்துவார்கள். வள்ளுவர் சிலையையும் பாறையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பரில் திறந்த பிறகு வரிசை நீண்டுவிட்டது. காலையில் முதல் படகுக்கே போய் நில்லுங்கள். அன்று படகு இல்லையென்றால் காத்திருக்காமல் வட்டக்கோட்டைக்குப் போய்விடுங்கள். கோட்டைச் சுவர் மேல் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. மாலையில் திரும்பி வந்து மறுநாள் படகு விவரம் கேட்டுக்கொள்ளலாம்.